யாருமில்ல மக்கா

அந்தப் பையை மட்டும் பிள்ளை இழுக்காமல் பார்த்துக்கிடுங்கம்மா. தப்பாக நினைக்க வேண்டாம். பலகாரம் இந்தப் பையில் இருக்கு. முந்திரிக்கொத்து. ஒன்று எடுத்துக் கொடுக்கிறேன், சாப்பிடுவானா? மெதுவாகக் கடிக்கச் சொல்லுங்க. காலையில்தான் சுட்டேன். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது, இல்லையா. சம்பந்தி வீடு என்று வாய் தானாகச் சொல்கிறது பாருங்க. சம்பந்தம் பேசின வீடு. இப்போது பேச்சு நின்றுபோச்சு.

நீங்க திருச்செந்தூரா? பிள்ளைக்கு முடி எடுக்கவா? நல்லது. நான் அதற்கு முன்னாலேயே நல்லாயன்புரத்தில் இறங்கிவிடுவேன். கண்டக்டர் தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இருந்தாலும் அந்த ஊர் சர்ச் கோபுரம் தெரிந்ததும் நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க. பேசத் தொடங்கினால் எனக்கு நிறுத்தம் மறந்துபோகும். இன்றைக்கு மறந்தால் நல்லதுதான் என்றுகூட மனசு நினைக்கும். அதனால்தான் சொல்கிறேன்.

அந்தப் பையில் இருக்கிறது ஒரு கண்ணாடி. மூக்கில் மாட்டுகிற கண்ணாடி இல்லை. வெல்டிங் பட்டறையில் முகத்தை மூடி மாட்டுவார்களே, அந்த மாதிரி. கறுப்பாக, பாதி முகத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். என் மகனுடையது. அவன் பெயர் ஷெல்டன். அவனுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

சின்னப் பையன் என்று நினைத்துவிடாதீங்க. கல்யாண வயசு தாண்டிக்கொண்டிருக்கிறான். சென்னைக் கம்பெனிக்கு வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை செய்கிறான். குடி கிடையாது, புகை கிடையாது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தவறாது. அவன் அப்பா தவறின பிறகு, மூத்தவள் பெனிட்டா பெங்களூரில் புருஷன் வீட்டோடு, இவன் ஒருத்தன்தான் என்னோடு. எட்டாவது வரைக்கும் படித்த எனக்கு இப்படி ஒரு பிள்ளை. இதற்கு மேல் ஒரு தாய்க்கு என்ன வேண்டும்? அப்படித்தான் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு இருந்தேன், அந்தச் சாமான் வீட்டுக்குள் வருகிற வரைக்கும்.

ட்ரோன். கல்யாண வீட்டில் தலைக்கு மேலே நின்று படம் எடுக்குமே, அது இல்லை. அதைக் கடையில் வாங்கலாம், கையை விட்டாலும் அந்தரத்தில் சும்மா நிற்கும். இவனுடையது இவனே பூட்டினது. பெருக்கல் குறி மாதிரி ஒரு கறுப்புச் சட்டம். நாலு முனையிலும் நாலு மோட்டார், நாலு இறக்கை. நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு போர்டு, அதிலிருந்து சிக்கெடுக்காத தலை மாதிரி ஒயர்கள். முன்னால் சுண்டைக்காய்ப் பெரிசில் ஒரு கேமரா. அந்தக் கேமரா பார்க்கிறதெல்லாம் இந்தக் கண்ணாடிக்குள் தெரியும். இதை மாட்டிக்கொண்டால் நாமே அதில் உட்கார்ந்து போகிற மாதிரி இருக்குமாம். ஆனால் ஒரு நொடி கவனம் தவறினால் கல் மாதிரி விழுந்துவிடும். விழும். உடையும். மறுபடி உட்கார்ந்து பூட்டுவான்.

சாப்பாட்டு மேஜையில்தான் ஈயம் உருக்குவான். ரசத்துக்குத் தாளித்தால்கூட அந்த நெடிதான் முன்னால் வரும். கடுகு டப்பாவில் ஸ்க்ரூ கிடக்கும். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும்போது சில நேரம் தீப்பிடித்துவிடுமாம், அதனால் மண்சட்டிக்குள் வைத்துத்தான் ஏற்றவேண்டும் என்று என் மீன்குழம்புச் சட்டியைக் கேட்டு வாங்கினான். பழகின சட்டிம்மா. அவன் அப்பா இருக்கும்போதே வாங்கினது. கொடுத்துவிட்டேன். பிள்ளை கேட்டால் என்ன செய்ய?

அதெல்லாம் வீட்டுக்குள். வெளியே தெரியாத வரைக்கும் எனக்கு ஒன்றுமில்லை. தெரிந்தபோதுதான் கூனிப்போனேன்.

எங்கள் வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம். எல்லாரும் ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறோம். இவன் அறைக் கதவு லேசாகத் திறந்து கிடந்திருக்கு. உள்ளே இவன் இந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாயைப் பிளந்தபடி, தலையை இப்படியும் அப்படியும் சாய்க்கிறான். கம்ப்யூட்டரில் பறக்கவிட்டுப் பழகுகிறானாம். ரோஸ்லின் அக்கா என்று எங்கள் சங்கத் தலைவி, அவள் ஜெபத்துக்கு நடுவில் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டாள். கூட்டம் முடிந்ததும் என்னை அடுக்களைக்குள் தள்ளிக்கொண்டு போய், "ஏட்டி பாக்கியம், பிள்ளைக்கு வலிப்பு வருதா? சொல்லவே இல்லையே" என்றாள்.

இல்லையக்கா, விளையாடுகிறான் என்றேன். சொன்ன பிறகுதான், வலிப்பு என்றே விட்டிருக்கலாமோ என்று ஆகிவிட்டது. அதற்கப்புறம் கோயில் வாசலில் பார்க்கிறவர்கள் எல்லாம் உன் மகன் இன்னும் தும்பி பிடித்துக்கொண்டுதான் இருக்கிறானா என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் சிரித்து வைப்பேன். உள்ளே எரியும். இத்தனை வயசில் இவனுக்கு விளையாட்டு என்ன? கல்யாணத்துக்குப் பார்க்கிற பிள்ளை இல்லையா?

சுருக்கமாகச் சொன்னால் இதுதாம்மா நடந்தது. தேரியில் அதைப் பறக்க விட்டான். தாய் பக்கத்தில் நின்று ஆள் வருகிறது என்று சொல்லியும் காதில் வாங்கவில்லை. பெண்ணைப் பெற்றவர் கன்னத்தைக் கிழித்துவிட்டது. சம்பந்தம் நின்றுவிட்டது. ஊரெல்லாம் இப்படித்தான் தெரியும். உங்களுக்கும் இதுவே போதும்.

பிள்ளைக்கு இன்னொன்று கொடுக்கட்டுமா? தண்ணி குடிக்கச் சொல்லுங்க, விக்கப்போகுது.

தேரி பார்த்திருப்பீங்க. இந்த ரோட்டுக்கு மேற்கேதான். சிவப்பு மணல், பனை, அங்கங்கே கொல்லாமரம், அதான் முந்திரி மரம், ஆள் நடமாட்டம் கிடையாது. ஒரு நாள் வந்து, "அம்மா, சாயங்காலம் என்கூட தேரிக்கு வாரீங்களா?" என்றான். அங்கே எனக்கு என்ன வேலை என்றேன். "இதை மாட்டிட்டா எனக்கு வெளியே ஒண்ணும் தெரியாதும்மா. ஆள் வந்தா, ஆடு மாடு வந்தா பக்கத்துல நின்னு ஒருத்தர் பார்த்துச் சொல்லணும். தனியா விடக்கூடாது. நீங்கதான் என் கண்ணு" என்றான்.

பெருமையாக இருந்தது. ஏன் பொய் சொல்ல? அப்பா போனதில் இருந்து அவன் என்னிடம் சோறு, சாவி, துணி தவிர வேறு பேச்சுப் பேசினது குறைவு. வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனேன்.

அது கிளம்புகிற சத்தம் இருக்கே, குளவிக்கூட்டில் கல் எறிந்த மாதிரி. பனைக்கும் பனைக்கும் நடுவில் புகுந்து போகும். மேலே ஏறித் தலைகீழாகப் புரளும். ஒருதரம் பார்த்தேன், மறுபடி பார்க்கத் துணியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதாம்மா. கையைக் கோத்தேன். கண்ணை மூடினேன். ஆண்டவரே, யாருக்கும் ஒரு சேதமும் வராமல் நீர் பார்த்துக்கொள்ளும் என்று ஜெபிக்க ஆரம்பித்தேன்.

நடுநடுவே கேட்பான், "அம்மா, யாரும் வாராகளா?"

"யாருமில்ல மக்கா" என்பேன்.

திறந்து பார்த்துச் சொன்னதும் உண்டு. பார்க்காமல் சொன்னதும் உண்டு. ஜெபத்தைப் பாதியில் விட மனசு வராது. தேரியில் யார் வரப்போகிறார்கள்? அவன் கண்ணாடிக்குள், நான் கண்ணை மூடிக்கொண்டு. அந்தப் பொட்டல் நடுவில் இரண்டு பேர் இப்படி நிற்கிறதை மேலே இருந்து யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

அந்த வெயில்காலம் முழுக்கப் போனோம். ஒரு கீறல், ஒரு சேதம் கிடையாது. என் ஜெபம்தான் காக்கிறது என்று எனக்குள் ஒரு நினைப்பு. அதை ரோஸ்லின் அக்காவிடமும் சொன்னேன். அவள்கூடத் தலையை ஆட்டினாள்.

அந்தச் சமயத்தில்தான் நல்லாயன்புரத்துச் சம்பந்தம் வந்தது. ஹெப்சி என்று பெண். தூத்துக்குடியில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தோம். ஒரு நாள் இவன் அடுக்களை வாசலில் வந்து நின்று, "அவளுக்கு வீடியோ அனுப்பினேம்மா. கடலை இப்படி மேலே இருந்து எப்பக் காட்டுவீங்கன்னு கேட்கிறா" என்று சொல்லிவிட்டுப் போனான். போகிறபோது கதவுநிலையைத் தட்டிக்கொண்டே போனான். அவன் அப்பாவுக்கும் சந்தோஷம் வந்தால் அப்படித்தான், எதையாவது தட்டுவார். சரி, பிள்ளைக்கு மனசு பிடித்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டும்மா. உங்கள் பக்கமும் இருக்கும். நிச்சயத்துக்கு முன்னால் பெண்ணைப் பெற்றவர் ஒரு நாள் சொல்லாமல் பையன் ஊருக்கு வருவார். டீக்கடையில் பேச்சுக் கொடுப்பார், கோயில் பக்கம் போவார், பையன் எப்படி நிற்கிறான், நடக்கிறான் என்று தூரத்தில் இருந்து பார்ப்பார். ஹெப்சியின் அப்பா ஆசீர்வாதம் அண்ணாச்சி, மின்சார வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அப்படித்தான் வந்திருக்கிறார். தாயும் மகனும் தேரியில் இருக்கிறார்கள் என்று டீக்கடையில் சொல்லியிருக்கிறார்கள். குடையைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து வந்திருக்கிறார்.

"அம்மா, யாரும் வாராகளா?" என்று கேட்டான்.

நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும்.

முதலில் ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை. அந்தக் குளவிச் சத்தம் நின்றதும் தேரி அப்படி ஒரு அமைதி. கண்ணைத் திறந்தால் எதிரே கொல்லாமரத்தடியில் அண்ணாச்சி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை நனைந்துகொண்டே வருகிறது. இவன் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினான். சட்டையைக் கழற்றிக் கட்டினான். கட்டு நன்றாகத்தான் இருந்தது.

அண்ணாச்சி கத்தவில்லை. நல்ல மனுஷர். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "மைனி, நான் அங்கேயிருந்தே குடையைத் தூக்கிக் காட்டினேனே. எனக்கு நேரேதானே நின்னீங்க. தம்பிகிட்டச் சொல்லலையா?"

அந்த நேரம் என் வாயில் என்ன வந்தது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. நானா சொன்னேன் என்று இருக்கு. பயந்துபோனேன், அது ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன் என்று ஒரு சம்பந்தியிடம் எப்படிச் சொல்ல, அது ஒன்று. பைத்தியக்காரி என்று நினைக்க மாட்டாரா?

"நான் சொன்னேன் அண்ணாச்சி. அவன்தான் கேட்கல."

ஷெல்டன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். தெரியாத ஊரில் வழி கேட்கிற ஆள் மாதிரி பார்த்தான். பிறகு அவர் பக்கம் திரும்பி, "ஆமா மாமா. அம்மா சொன்னாங்க. நான்தான் கேட்கலை" என்றான்.

ஆஸ்பத்திரிக்கு அவனே கூட்டிப் போனான். தையல் போட்டார்கள். பக்கத்திலேயே நின்றான்.

காயத்தை அவர் பெரிசுபடுத்தவே இல்லைம்மா. அது ஆறிவிடும், பிள்ளைகள் விளையாட்டில் நடக்கிறதுதான் என்று சொன்னாராம். ஆனால் வேறொரு சொல் சொல்லி அனுப்பினார். பெற்றவள் பக்கத்தில் நின்று சொல்கிற பேச்சையே கேட்காதவன், நாளைக்குக் கட்டினவள் பேச்சையா கேட்கப்போகிறான் என்று. நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

வினை அத்தோடு நிற்கவில்லை. அடுத்த கூட்டத்தில் நான் ஒரு ஜெபக்குறிப்பு கொடுத்தேன். அப்படியென்றால், எனக்காக இன்ன காரியத்துக்கு ஜெபியுங்கள் என்று எல்லார் முன்னாலும் கேட்கிறது. ஒரு வாலிபப் பிள்ளையின் கீழ்ப்படிதலுக்காக என்று கேட்டேன். பெயரைச் சொல்லவே இல்லை. எனக்கு இருக்கிறது ஒரே மகன். பெண்கள் எல்லாரும் என் தோளைத் தடவினார்கள். இப்படி ஒரு தாய்க்கு இப்படி ஒரு சோதனையா என்றார்கள். எனக்கு அழுகை வந்தது. நிஜமாகவே வந்தது.

அது குருவானவர் காதுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் தாய் சொல்லைத் தட்டுகிற வாலிபர்களுக்காக ஜெபித்தார். அவரும் பெயர் சொல்லவில்லை. எல்லாத் தலையும் ஆண்கள் பக்கம் திரும்பியது. இவன் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தபடி நின்றான். முடிவில் எல்லாரும் ஆமென் சொன்னோம். அவனும் சொன்னான். அவன் சொன்னது எனக்குத் தனியாகக் கேட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் மேஜை துடைத்துக் கிடந்தது. அந்தச் சாமான், ஒயர், கம்பி எல்லாம் அட்டைப்பெட்டிக்குள் போய்ப் பரணில் ஏறிவிட்டது. என் மண்சட்டியைக் கழுவி அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்தான். ரசம் தாளித்தால் ரசம் மணந்தது. ரோஸ்லின் அக்கா, ஜெபம் கேட்கப்பட்டது பாக்கியம், கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொல்லு என்றாள். சொன்னேன். அதையும் சொன்னேன்.

உங்களுக்குக் கேட்கக் கூசுகிறதா? நீங்க ஜன்னல் பக்கம் பார்த்தீங்க, அதனால் கேட்டேன். கோபுரமா பார்த்தீங்க? இன்னும் வரவில்லை, அது அடுத்த ஊர்.

நேற்று பெனிட்டா போன் போட்டாள். ஹெப்சியைப் பார்க்க வேறொரு இடத்தில் இருந்து வருகிறார்களாம். இன்றைக்குச் சாயங்காலம். அந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல், சரி என்று சொல்லவும் முடியாமல் இருக்கிறாளாம். நேற்று மத்தியானமே இவனுக்குச் சோறு போடும்போது சொன்னேன். சோற்றில் இருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டு, சரி என்றான். மோர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "நான் வேணும்னா அண்ணாச்சிகிட்டப் போய்ப் பேசட்டுமா மக்கா?" என்றேன்.

"என்னன்னு பேசுவீங்க?"

"நீ இப்ப மாறிட்டன்னு."

"எப்படி மாறிட்டேன்?"

"சொன்ன பேச்சைக் கேட்கிறன்னு."

அவன் எழுந்தான். கை கழுவினான். பிறகு, சட்டியை ஒரு தடவை தாங்கம்மா என்றான். பரணில் ஏறிப் பெட்டியை இறக்கி, இந்தக் கண்ணாடிக்குரிய பேட்டரியைச் சட்டிக்குள் வைத்துச் சார்ஜ் ஏற்றினான். நான் பாத்திரம் துலக்கி முடித்து வந்ததும் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, இதை என் முகத்தில் மாட்டிவிட்டான். கொண்டையில் வார் சிக்காமல் பார்த்துத்தான் மாட்டினான்.

அந்தக் கேமரா பார்க்கிறதெல்லாம் இதற்குள் பதிந்துவிடுமாம். எனக்கு அது தெரியாது.

சிவப்பு மணல் ஓடுகிறது. பனை ஓடுகிறது. திடீரென்று ஒரு வெள்ளைச் சேலை. நான். கையைக் கோத்து, தலை குனிந்து, கண்ணை மூடி நிற்கிறேன். உதடு அசைகிறது. அது என்னைச் சுற்றிப் போகிறது. மறுபடி பனை, மறுபடி நான். நான் அப்படியேதான் நிற்கிறேன். அப்புறம் என் முதுகுக்குப் பின்னால் போய்த் திரும்புகிறது. எனக்கு நேர் எதிரே, அவ்வளவு தூரத்தில், ஒரு ஆள் வருகிறார். குடையைத் தூக்கிக் காட்டுகிறார். என்னைப் பார்த்துத்தான் காட்டுகிறார். நான் தலையைத் தூக்கவில்லை. அது பனைக்குப் பின்னால் வளைந்து போய் வெளியே வரும்போது முழுக்க வெயில். பிறகு ஒரு வெள்ளைச் சட்டை. அவ்வளவுதான்.

கண்ணாடியைக் கழற்ற எனக்கு மனசு வரவில்லை. கழற்றினால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். இருட்டுக்குள் இருந்தபடியே கேட்டேன். "இது உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாள்ல இருந்தே தெரியும்மா. ஒவ்வொரு சுத்துக்கும் உங்களைத் தாண்டித்தானே வரும்."

"பின்ன ஏம்ல சொல்லல?"

"சொன்னா வர மாட்டீங்க."

அவனே சொன்னான். "அம்புட்டுத் தேரியும் ஒரே சிவப்பா இருக்கும். மேலே போனா திசையே தெரியாது. உங்க வெள்ளைச் சேலை மட்டும் எங்கே இருந்தாலும் தெரியும். திரும்பி வர்றதுக்கு எனக்கு அதுதான் அடையாளம்." பிறகு, "தப்பு எனக்கும்தாம்மா. அவர் இதுல தெரிஞ்சும் அந்த வேகத்துல நான் கவனிக்கல. நீங்க பார்க்கலன்னு தெரிஞ்சுதானே பறக்கவிட்டேன். அதனாலதான் அன்னைக்கு அப்படிச் சொன்னேன். விடுங்க. இப்பப் போய்ச் சொன்னா உங்களுக்குத்தான் கேவலம்" என்றான்.

கேவலம். அந்தச் சொல்லைத்தான் நான் அவனுக்காக இத்தனை நாளாகச் சுமந்துகொண்டு திரிந்தேன். கோயிலில், தெருவில், கடைவாசலில். தும்பி பிடிக்கிறவன் தாய் என்று. அவன் எனக்காக அதை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டு, ஆமென் என்று சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறான்.

ராத்திரி ஜெபிக்க உட்கார்ந்தேன். கண்ணை மூடினால் நான்தான் தெரிகிறேன், மேலே இருந்து பார்க்கிற மாதிரி. மூட முடியவில்லை.

அதனால்தான் இதை எடுத்துக்கொண்டு வந்தேன். என் வாயைப் பற்றி எனக்கே தெரியும், அங்கே போய் நின்றதும் என்ன சொல்லுமோ. வெயிலில் கண் கூசியது என்று சொல்லும். தலை சுற்றியது என்று சொல்லும். இதை அண்ணாச்சி முகத்தில் மாட்டிவிட்டால் நான் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று நேற்றே பார்த்து வைத்துக்கொண்டேன். இருங்க, உங்களுக்கும் காட்டுகிறேன். நம்ப மாட்டீங்க, நான் அப்படியே சிலை மாதிரி நிற்பேன். பிள்ளையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் பிடிங்க.

இதோ இந்தப் பொத்தான்தான்.

வரவில்லையா? இருங்க, அழுத்திப் பிடிக்க வேண்டுமாம்.

ஒன்றும் தெரியவில்லை, இல்லையா. இருட்டாகத்தான் இருக்கு.

பேட்டரி. இந்த ஓட்டையில் ஒயர் போய் மாட்ட வேண்டும். மாட்டியபடி வைக்கக்கூடாது என்று கழற்றிவிடுவான். அது சட்டிக்குள் கிடக்கிறது. என் மீன்சட்டிக்குள். நான் முந்திரிக்கொத்தை மறக்காமல் எடுத்து வந்திருக்கிறேன் பாருங்க.

பிள்ளை சிரிக்கிறான். சிரிக்கட்டும், கொடுங்க அவனிடம். இனி அவன் வைத்து விளையாடினால் என்ன. இல்லை, வேண்டாம், என் மகன் கஷ்டப்பட்டுச் சேர்த்து வாங்கினது.

திரும்பிப் போய் எடுத்து வரலாம். ஆனால் அடுத்த பஸ் பிடித்துப் போய் வருவதற்குள் பெண் பார்க்க வருகிறவர்கள் வந்துவிடுவார்கள். நாளைக்குப் போகலாம் என்றால் நாளைக்குப் போகிறதில் அர்த்தமில்லை. அப்படியானால் என் வாயாலேயே சொல்ல வேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன் அண்ணாச்சி, அவன் கேட்டான், நான் யாருமில்லை என்று சொன்னேன், பிறகு உங்களிடம் மாற்றிச் சொன்னேன். இவ்வளவுதானே. மூன்று பேச்சு. உங்களிடம் சொல்லிவிட்டேனே. முதலில் உங்களிடமும் பொய்தான் சொன்னேன், பிறகு சொல்லிவிட்டேன். மனசில் வைத்துக்கொள்ளாதீங்க.

கோபுரம் வந்துவிட்டதா? ஆமா, அதுதான். கண்டக்டர் தம்பியும் சொல்கிறார். இறங்குகிறேன் தம்பி, வயசானவள், நன்றாக நிறுத்துங்க. டீ குடிக்க பஸ் நிற்குமா இங்கே? சரி, நல்லதாப் போச்சு.

அந்தப் புளியமரத்தில் இருந்து நேர் ரோடு, கடைசியில் நீலக் கதவு போட்ட வீடு. இங்கேயிருந்தே தெரிகிறது பாருங்க.

எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்க என்று கேட்கத்தான் வாய் வருகிறது. பழக்கம். உங்கள் முருகனிடமும் கேட்க வேண்டாம் இன்றைக்கு. ஒரு உபகாரம் மட்டும் செய்யுங்கம்மா. பஸ் இங்கே நிற்கிற வரைக்கும், இந்த ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே இருங்க. பாதி வழியில் திரும்பினேன் என்றால் ஒரு சத்தம் கொடுங்க. பார்வையை மட்டும் எடுத்துவிடாதீங்க.

வெள்ளைச் சேலைதான். தூரத்திலும் தெரியும்.